ஏழு வாரத்தில் நான்கு பயணம், கூடவே வயதான அம்மா: மருந்துப் பையும் அதற்கு முந்தைய வேலைகளும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஏழு வாரத்தில் உங்களுக்கு நான்கு பயணம். முதலில் ஒரு கல்யாணம், 600 கி.மீ. காரில். அடுத்து கூடப் படித்தவர்கள் சேரும் ஒரு வார இறுதி. பிறகு உறவினர் இருபது பேர் ஒரே வீட்டில் மூன்று நாள். கடைசியாகத் தம்பி குடும்பத்தைப் பார்க்கக் கிழக்கே எட்டு மணி நேர விமானம். அங்கே கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பத்து நாள் தங்கல். கூட வருபவர்கள் சர்க்கரையும் பிரஷரும் உள்ள, இரவு பத்து மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் 74 வயது அம்மா, ஆறு வயது மகள். வருடா வருடம் இந்தப் பருவத்தில் இரண்டாவது பயணம் முடிந்ததும் நீங்கள் சளி காய்ச்சலோடு படுத்துவிடுகிறீர்கள். எந்தெந்த மாத்திரைகளை எடுத்துப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது மருந்துப் பட்டியல்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உண்மையான கேள்விகள் இரண்டு: ஏன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடம்பு விழுகிறது, அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் நான்கு இடத்துக்கும் போய்வர முடியுமா. பொது மருத்துவராக என் பதில்: முடியும், ஆனால் அதைத் தீர்மானிக்கப்போவது மருந்துப் பை அல்ல, தேதிகளுக்கு இடையில் நீங்கள் விடும் இரவுகள். அம்மாவை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன். அதனால் அவருடைய மருந்து அளவை மாற்றும்படி எதுவும் சொல்ல மாட்டேன். அவருடைய மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் தூக்கம். நீங்கள் கொடுத்த தேதிகளின்படி கல்யாணத்திலிருந்து ஞாயிறு நள்ளிரவில் வீடு திரும்புகிறீர்கள், திங்கள் காலை வேலை, வியாழன் இரவு மறுபடி கிளம்புகிறீர்கள். போகும் இடத்தில் பேச்சு ஓய இரவு ஒரு மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால் பத்து நாளில் ஆறேழு இரவு ஐந்து மணி நேரத் தூக்கம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். 2015-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி கட்டி அளந்து, பிறகு சளி வைரஸை மூக்கில் சொட்டுவிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட மிக அதிகமாகச் சளி பிடித்தது. யாரையும் வேண்டுமென்றே விழிக்க வைத்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால் முழுப் பழியும் தூக்கத்தின் மேல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் வருடாந்தரக் காய்ச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை: தூக்கம் கெட்ட உடம்பு, கூட்டம், மூடிய அறைகள். வைரஸ் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாளில் சளி தொடங்கும். அதனால்தான் ஊர் திரும்பிய பிறகு விழுகிறீர்கள்.

ஆகவே இன்றே ஒரு தாளை எடுத்து ஏழு வாரத்தின் ஒவ்வொரு இரவையும் எழுதுங்கள். எங்கே படுப்பீர்கள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று உண்மையாகக் குறியுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையும் இரவுகளை வட்டமிடுங்கள். மூன்று வட்டம் தொடர்ந்து வந்தால் அந்த இடத்தை மாற்ற வேண்டும். ஒரு பயணம் முடிந்து அடுத்ததற்குக் கிளம்பும் முன் சொந்தப் படுக்கையில் இரண்டு முழு இரவாவது இருக்கட்டும். விமானப் பயணத்துக்கு முன் நான்கு. வார இறுதியில் ஒரு நாள் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்பது நடக்காது. களைப்பு கொஞ்சம் குறையும். கவனமும் எதிர்வினை வேகமும் பழைய நிலைக்கு வர அதைவிட அதிக நாள் எடுக்கும். எந்த நாளைக் கழிப்பது என்று கேட்டால் கடைசி நாளைக் கழியுங்கள். முதல் நாளைக் கழித்தால் கடைசி நேரத்தில் இரவோடு இரவாக ஓட்டிப் போக வேண்டிவரும். கடைசி நாள் மதிய உணவோடு கிளம்பினால் மாலை வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் பக்கம் வந்துவிடலாம். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை அழைத்தவர்களிடம் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். விடைபெறும் நேரத்தில் சொன்னால் அது கோபித்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும், முன்பே சொன்னால் வெறும் தகவல்.

அடுத்து கார். நான்கு பயணத்தில் உயிருக்கு உண்மையான ஆபத்து உள்ளது இதில்தான், விமானத்தில் அல்ல. வெள்ளி மாலை வேலை முடித்து எட்டு மணிக்குக் கிளம்பி விடிவதற்குள் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். காலை ஆறரைக்கு எழுந்தவர் இரவு பதினொன்றரைக்கு விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நிலையில் ஒருவருடைய எதிர்வினை, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல மந்தப்படுகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அதுதான் ஓட்டுநருக்கான சட்ட வரம்பு. அப்போது உங்களுக்குப் பாதித் தூரத்துக்கும் மேல் பாக்கி இருக்கும். அதற்குப் பிறகு வருவது அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை, உடம்பின் கடிகாரமே தூக்கத்தைத் தள்ளும் நேரம். நன்றாகத் தூங்கியவருக்கும் அப்போது கண் செருகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் மூடினால் 110 மீட்டர் யாரும் ஓட்டாத கார். அதனால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் படுத்து, சனி அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். சராசரி வேகம் 60-65 வருமென்றால் ஓட்டம் பத்து மணி நேரம், நிறுத்தங்களோடு பன்னிரண்டு. இன்னொருவர் மாற்றி ஓட்டுவதற்கு இல்லையென்றால் வழியில் ஒரு இரவு தங்குவது ஆடம்பரம் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் நிறுத்தி இறங்கி நடங்கள். அம்மாவின் காலுக்கும் அது வேண்டும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு மந்த நேரம், சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்றில்லை, சாப்பிடாவிட்டாலும் வரும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம், வண்டி கோட்டை விட்டு விலகுகிறது, கண்ணை அடிக்கடி தேய்க்கிறோம் என்றால் அதுவே நிறுத்தச் சொல்லும் அறிகுறி. தலை ஒருமுறை தொங்கியபின் நிறுத்துவது தாமதம். ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் உதவுவதில்லை. உதவுவது இது: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கெட்டியான காபி இரண்டு கோப்பை (சுமார் 150 முதல் 200 மி.கி. காஃபீன்) குடித்து, உடனே சீட்டைச் சாய்த்து அலாரம் வைத்து இருபது நிமிடம் தூங்குவது. காஃபீன் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் தூக்கமும் முடிந்துவிடும். இருபது நிமிடத்தைத் தாண்டித் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். எழும்போது தலை கனக்கும். எழுந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டுங்கள். இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர இது போதும், இரவு முழுக்க ஓட்ட இதை நம்பக்கூடாது.

சளிக்கோ அரிப்புக்கோ குமட்டலுக்கோ எடுக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின்கள் (குளோர்ஃபெனிரமின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை) ஓட்டுபவருக்கு ஆகாது. தூக்கம் தெரியாத போதும் எதிர்வினையைக் குறைக்கும். முந்தின இரவு போட்டது காலையிலும் மிச்சமிருக்கும். செட்டிரிசின்கூடச் சிலருக்குத் தூக்கம் தரும். வண்டி விஷயம் என் துறை இல்லை, ஆனால் ஒன்று மட்டும்: வண்டி நிறைய ஆட்களும் பெட்டிகளும் ஏற்றும்போது டயருக்கு வேறு காற்றழுத்தம் உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச் சுமைக்கான எண் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதைப் பார்த்து நிரப்புங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். இதில் அவசரப்படாமல் படியுங்கள். மருந்துகள் எல்லாம் கைப்பையில், அதன் சொந்த அட்டையோடு, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு டப்பாவில் கலந்து கொட்டிப் போகாதீர்கள். தினசரி டப்பா வேண்டுமென்றால் அது தனி, அட்டைகளும் கூட வரட்டும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது: சரக்கு அறையில் உறைந்துபோகலாம், பெட்டி தொலையவும் தொலையலாம். உறைந்த இன்சுலின் மறுபடி உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதே காரணத்துக்காகப் பேனாவை ஐஸ் பையோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் ஒரு துணி இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்திருக்கலாம்; உங்கள் பேனாவின் சரியான எண் அதன் தாளில் இருக்கும். வெளியே 35 டிகிரி என்றால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45-ஐத் தாண்டிவிடும், டாஷ்போர்டு அதைவிட மோசம். சாப்பிட இறங்கும்போது மருந்துப் பையும் உங்களோடு இறங்க வேண்டும். விமானத்தில் பேனாவில் ஊசியை மாட்டியே வைத்திருந்தால் அழுத்தம் மாறும்போது உள்ளே காற்றுக் குமிழ் சேரும். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள்.

நேர வித்தியாசம்தான் சிக்கலான இடம். கிழக்கே போகும் நாள் உங்களுக்கு 18 மணி நேரம்தான். அம்மா வீட்டில் இரவு பத்துக்கு ஊசி போட்டுவிட்டு, அடுத்த நாள் சேர்ந்த ஊரின் இரவு பத்துக்கு மறுபடி முழு அளவு போட்டால், இடைவெளி 24 மணி நேரத்துக்குப் பதில் 18. முந்தைய ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்தது சேர்கிறது. பயணக் களைப்பில் சாப்பாடும் குறைந்திருக்கும். அந்த இரவில்தான் சர்க்கரை கீழே இறங்கும் பயம். திரும்பி வரும்போது நாள் 30 மணி நேரமாக நீளும், நடுவில் ஆறு மணி நேரம் மருந்து போதாமல் சர்க்கரை ஏறலாம். அளவைக் குறைப்பதா, நேரத்தைப் படிப்படியாக நகர்த்துவதா என்பது எந்த வகை இன்சுலின் என்பதைப் பொறுத்தது. கிளம்ப இரண்டு வாரம் முன்பு அவருடைய மருத்துவரிடம் ஒரு தாள் கொண்டுபோங்கள்: விமானம் கிளம்பும், இறங்கும் நேரங்கள் இரண்டு ஊர்க் கடிகாரத்திலும், சாப்பாட்டு நேரங்கள், இப்போதைய மருந்துகள். அதன் மேலேயே அவர் ஊசி நேரங்களை எழுதிக் கொடுக்கட்டும். அன்று விழித்திருக்கும் நேரத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். கார்ப் பயணங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

மாத்திரைகளில் க்ளிமிபிரைடு, க்ளிக்ளாசைடு போன்றவை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் மாத்திரையால் அந்த ஆபத்து மிகக் குறைவு. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தட்டு எதிரில் வந்த பிறகு மாத்திரை. சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் வரும். கூட்டத்தில் இதை எல்லோரும் "பாவம், களைத்துவிட்டார், கொஞ்சம் படுக்கட்டும்" என்று எடுத்துக்கொள்வார்கள். படுக்க விடும் முன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது குவித்த மூன்று தேக்கரண்டி தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் குறைவென்றால் இன்னொரு முறை. சரியான பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சிறுநீர் அதிகம் போகவைக்கும் பிரஷர் மாத்திரையைப் பயண நாளில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று. தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். ஒரு நாளா, ஏழு வாரத்தில் எத்தனை நாளா என்று யாரும் எண்ணுவதில்லை. அம்மாவிடம் நேரடியாகக் கேளுங்கள். விடுவதற்குப் பதில் அன்று மட்டும் நேரத்தை மாற்றலாமா என்பதையும் அதே தாளில் மருத்துவரிடம் கேட்டு எழுதிவாங்குங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்று, கால். விசேஷத்துக்குப் புதுச் செருப்பு வாங்குவீர்கள். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கும். கடிப்பது தெரியாமலே நாள் முழுக்க நடந்து கொப்புளமாகிப் புண்ணாகிவிடும். புதுச் செருப்பை மூன்று வாரம் முன்பே வாங்கி, வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். பயணத்தில் ஒவ்வொரு இரவும் அடிப்பாதம், விரலிடுக்கு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரைச்சலான கூடத்தில் பேச்சைப் பிடிக்கச் சிரமப்படுவதே அவரைக் களைக்க வைக்கும். சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, ஒலிபெருக்கிக்குத் தள்ளி உட்கார வையுங்கள். மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திய அறை ஒன்று வேண்டும் என்று வீட்டுக்காரர்களிடம் முன்பே கேட்டுவைப்பதில் தவறே இல்லை.

விமானத்தில் காலில் ரத்தம் உறைவதைப் பற்றிப் பயந்து கேட்டிருக்கிறீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது என்பது உறுதி. கார், பேருந்து, ரயிலுக்கும் அதே கதைதான். ஆனால் அடிப்படை ஆபத்தே மிகச் சிறியது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்ன கணக்குப்படி ஆரோக்கியமானவர்களுக்கு அத்தகைய விமானப் பயணத்தில் 6,000-க்கு ஒன்று போல. முன்பு ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அதிகம். அவர்கள் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குவதும், எழுந்து ஒரு நடை நடப்பதும் போதும். முழங்காலுக்குக் கீழே போடும் இறுக்கமான காலுறை, அறிகுறி காட்டாத உறைவுகளைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. உயிருக்கு ஆபத்தான உறைவைத் தடுக்கிறதா என்பதற்குச் சான்று போதாது, அது அவ்வளவு அரிது. அம்மாவுக்கு அதைப் போடும் முன் பாதத்தில் நாடித் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும், ரத்த ஓட்டம் குறைந்த காலில் இறுக்கம் தீங்கு செய்யும். இதற்காக மட்டும் ஆஸ்பிரின் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இறங்கியதும் இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை, ஒரு நாளில் வடியும்.

தூக்கக் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் சாவி. கிழக்கே ஆறு மணி நேரம் என்றால் உடம்பு பழக ஐந்தாறு நாள் ஆகும். நீங்கள் வழக்கமாக ஆறரைக்கு எழுபவர்; உடம்பின் சூடு மிகக் குறைந்திருக்கும் அடிமட்ட நேரம் அதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு, காலை நான்கு. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், அதற்கு முன் படுவது பின்னே தள்ளும். வீட்டின் நான்கு மணி அங்கே காலை பத்து. ஆகவே முதல் நாள் காலை ஏழுக்கே எழுந்து வெயிலில் நடப்பது, எல்லோரும் சொல்லும் அறிவுரைதான், உங்களைத் தவறான திசையில் தள்ளும். பத்து மணி வரை திரையை மூடி உள்ளே இருங்கள், வெளியே போக வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி. பத்து முதல் ஒரு மணி வரை வெளியே இருங்கள். அடுத்த நாள் ஒன்பதிலிருந்து, அதற்கடுத்த நாள் எட்டிலிருந்து என நகர்த்துங்கள். திரும்பிய பிறகு மாலை வெளிச்சத்தில் நடந்து, ஒன்பது மணிக்கு முன் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடு இரவில் முழிப்பு வந்தால் விளக்கைப் போடவோ போனைப் பார்க்கவோ வேண்டாம். சேரும் ஊரின் படுக்கை நேரத்தில் 0.5 முதல் 5 மி.கி. மெலடோனின் கிழக்குப் பயணத்தில் உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் சந்தையில் உள்ளவற்றில் அட்டையில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துப்போகாதவை பல, சில நாடுகளில் சீட்டில்லாமல் தர மாட்டார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது. மகளுக்கு வேண்டாம். குழந்தைகள் வெளிச்சத்துக்கே சீக்கிரம் திரும்பிவிடுவார்கள்.

இருபது பேர் வீட்டில் எதை யார் கொண்டுவருவார் என்று சொல்ல முடியாது. ஃப்ளூ ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், ஆகவே இந்த வாரமே மூவரும் போட்டுக்கொள்ளுங்கள். கூடும் அறையில் எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து வைப்பது, மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பதைவிடப் பயன் தரும். வயிற்றுப்போக்கு வைரஸ்களில் முக்கியமான நோரோவைரஸுக்கு ஆல்கஹால் கலந்த கைத் திரவம் (சானிடைசர்) சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும், இருபது நொடி. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகாதவர், மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இறங்கியிராதவர் வரக்கூடாது என்று குடும்பக் குழுவில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். உங்களுக்கும் அதே விதிதான். சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது எப்போதும் உண்மையில்லை, சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் அழியாது. வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்பதற்குப் பொதுவான மக்களிடம் ஆதாரம் இல்லை, துத்தநாக மாத்திரை இழுபறியில் இருக்கிறது. இரண்டுக்கும் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

மகளுக்குக் காரில் குமட்டல் வருவது இந்த வயதில் மிகச் சாதாரணம். போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியே தூரத்தைப் பார்க்கும்படி அவளுடைய பாதுகாப்பு இருக்கையைப் பின்வரிசையில் நடுவில் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது, தரையிறங்க அரை மணி முன்பு, தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி ஏதாவது குடிக்கவோ சப்பவோ கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, காது அப்போதுதான் வலிக்கும்.

இப்போது பட்டியல். பாராசிட்டமால்: உங்களுக்கு 500 மி.கி., மகளுக்குச் சிரப், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. (20 கிலோ என்றால் 300 மி.கி.), நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. சிரப்பின் கூடவே வரும் அளவுக் குழாயை விட்டுவிடாதீர்கள், வீட்டுக் கரண்டியில் அளவு தப்பும். கலவைச் சளி மருந்துகள் வேண்டாம். அவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு. ஆறு வயதில் அவற்றால் பயனும் இல்லை. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. பொட்டலத்தில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தைக்குத் தீங்கு. கரைத்தது 24 மணி நேரம்தான். தெர்மாமீட்டர், சர்க்கரைக் கருவி, அதற்கு உபரி பேட்டரி, பட்டைகள், குளுக்கோஸ், பாண்டேஜ், அம்மாவின் மருந்துகள். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் பிரஷரை ஏற்றும், மூட்டு வலிக்கென்று யாரோ நீட்டும் ஐபுபுரோஃபென் சில பிரஷர் மாத்திரைகளோடும் சிறுநீர் மாத்திரையோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் அம்மாவுக்கு வேண்டாம். உறவினர் வீட்டில் மாத்திரை கைமாறுவதுதான் எனக்கு அதிகக் கவலை. சளிக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்துப்போகத் தேவையே இல்லை.

திரும்பி வந்த பிறகு சிலவற்றைத் தள்ளிப்போடக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், விமானப் பயணம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும் அன்றே போக வேண்டும். அம்மாவின் காலில் புண் இரண்டு நாளில் ஆறத் தொடங்கவில்லையென்றாலும், மகள் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றாலும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து வந்து சில வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த ஊரில் இருந்தீர்கள், என்றைக்குத் திரும்பினீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை என்பது அதைப் பொறுத்து மாறும்.